வெர்தோன் மலையிடுக்கில் பாறை ஏறச் செல்வோருக்கு

பதாமியின் மணற்கல் பாறைகளில் போல்ட் (கயிற்றை மாட்டப் பாறையில் பதிக்கும் உலோக ஆணி) பதித்த ஒற்றை பிட்ச் தடங்களை, அதாவது ஒரே கயிற்றுநீளத்தில் முடியும் தடங்களை, 6பி தரம் வரை (எண்ணும் எழுத்தும் கூடக் கூடக் கடினம் கூடும்) கயிற்றைக் கொண்டுசெல்லும் முதல் ஆளாக ஏறிப் பழகியிருப்பதாகவும், நண்பருடன் வரும் ஜூலையில் பத்து நாள் பிரான்சின் வெர்தோன் மலையிடுக்குக்குச் செல்ல எண்ணியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்தத் தரம் அங்கே போதுமா, எந்தத் தடத்தில் தொடங்கலாம், என்னென்ன உபகரணம் வேண்டும் என்பவை உங்கள் கேள்விகள். விரலிலும் காலிலும் உங்களுக்கு இருக்கும் திறன் போதும். ஆனால் வெர்தோனில் முதலில் சோதிக்கப்படுவது அதுவல்ல. கயிற்றில் நூற்றுக்கணக்கான மீட்டர் இறங்கி, கயிற்றைக் கீழே உருவிக்கொண்டு, அதன் பிறகு ஏறித்தான் வெளியே வர வேண்டும் என்ற ஏற்பாடு அங்கே பெரும்பாலான தடங்களுக்குப் பொருந்தும். அந்த இறக்கத்தை மனப்பாடமாகச் செய்யத் தெரியாத இருவர், 7ஏ ஏறுபவர்களாக இருந்தாலும், அங்கே தனியாகப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஜூலை மாதமும் வேண்டாம். இவ்விரண்டுக்கும் காரணங்களை விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றையும் அவற்றோடு சேர்த்தே புரிந்துகொள்ளலாம்.

முதலில் இடத்தைப் பற்றி. வெர்தோன் ஆறு ஆல்ப்ஸ் மலைத்தொடரின் தென்பகுதியில், அல்லோஸ் கணவாய்க்கு அருகே தோன்றி, சுமார் 166 கிலோமீட்டர் ஓடி தூரான்ஸ் ஆற்றில் கலக்கிறது. காஸ்தெலான் என்ற சிற்றூரைத் தாண்டிய பின் அது ஜுராசிக் காலச் சுண்ணாம்புப் பாறைக்குள் நுழைகிறது. அங்கிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவுக்கு, ஆழமான இடங்களில் 700 மீட்டர் வரை, பாறையை அறுத்துக்கொண்டு சென்று, இறுதியில் சாந்த்-க்ருவா நீர்த்தேக்கத்தில் விழுகிறது. மலையிடுக்கின் வலக்கரையில், சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ள லா பலு என்ற சிறு கிராமம்தான் ஏறுபவர்களின் தங்குமிடம். கரையோர மக்கள் விளிம்புகளையும் இறங்கக்கூடிய சில இடங்களையும் நன்கு அறிந்திருந்தார்கள் என்றாலும், இடுக்கின் அடித்தளத்தை முழுவதுமாகக் கடந்து ஆராய்ந்த பயணம் 1905ஆம் ஆண்டுதான் நடந்தது. குகை ஆய்வாளர் எதுவார்-ஆல்ஃப்ரெத் மார்த்தெல் தலைமையில் சென்ற அக்குழுவில் ரூகோன் கிராமத்துப் பள்ளி ஆசிரியர் இசிதோர் ப்ளானும் இருந்தார். இன்று ஆற்றோரம் செல்லும் நடைபாதைக்கு அந்த இருவரின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. அந்தப் பாதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறி வெளியேற முடியாமல் போகும் நாளில் உங்களை வெளியே கொண்டுவருவது அதுதான்.

ஏறுபவர்களுக்கு முக்கியமான சுவரின் பெயர் லெஸ்காலெஸ். தெற்கும் தென்கிழக்கும் நோக்கி நிற்கும் இந்தச் சுண்ணாம்புச் சுவர் சுமார் 300 மீட்டர் உயரமானது; சாம்பலும் மஞ்சளும் கலந்த நிறம் கொண்டது. 1968இல் ஃப்ரான்சுவா கியோவும் ஜோயேல் கொக்குஞ்ஞோவும் இதன் ஒரு நீண்ட வெடிப்பு வழியாக அடியிலிருந்து உச்சிவரை ஏறித் திறந்த தடம்தான் லா தெமாந்த். அந்தத் தலைமுறையினர் ஆல்ப்ஸ் மரபில் வந்தவர்கள். ஆற்றுக்கு இறங்கி நடந்து வந்து, வெடிப்புகளைத் தேடி, கீழிருந்து மேலே போனார்கள். 1970களின் பிற்பகுதியில் வேறொரு சிந்தனை வந்தது. சுவரின் உச்சியை ஒட்டி, ரூத் தே க்ரெத் என்ற தார்ச்சாலை போகிறது. சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, மேலிருந்து கயிற்றில் இறங்கி, வெடிப்பே இல்லாத வழவழப்பான சுவர்ப்பகுதிகளைப் பார்த்து, எங்கே கைப்பிடி இருக்கிறது என்று தொட்டறிந்து, துளையிட்டு போல்ட் பதித்து, பிறகு அதைக் கீழிருந்து ஏறத் தொடங்கினார்கள். நீங்கள் பதாமியில் ஏறும் பாணிக்கு வடிவம் கொடுத்த இடங்களில் இதுவும் ஒன்று. 1980களில் பத்ரிக் எத்லாஞ்சே இந்தச் சுவர்களில் ஏறுவதைத் தொலைக்காட்சியில் பார்த்த பிரெஞ்சு மக்களுக்குப் பாறையேற்றம் என்றாலே வெர்தோன் என்று ஆகிவிட்டது. அவர் 2012இல் லா பலுவில் காலமானார்.

இந்த வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம், அது இன்றும் உங்கள் ஒரு நாளின் வரிசையைத் தீர்மானிக்கிறது என்பதே. மற்ற பெரும்பாலான மலைகளில் காலையில் அடிவாரத்தில் நின்று சுவரை அண்ணாந்து பார்க்கிறோம், வானிலையைக் கணிக்கிறோம், மனம் ஒப்பவில்லை என்றால் திரும்பிவிடுகிறோம். இரண்டாவது பிட்ச்சில் கை நடுங்கினாலும் கீழே இறங்கிவிடலாம். தரையை நோக்கி இறங்குவது எப்போதும் வீட்டை நோக்கி இறங்குவதுதான். வெர்தோனில் சுவரைப் பார்ப்பதற்கு முன்பே அதன் உச்சியில் நிற்கிறோம். வண்டியும் உணவும் மற்ற மனிதர்களும் மேலே இருக்கிறார்கள். நாம் அவர்களை விட்டு விலகி இறங்குகிறோம். கயிற்றை உருவிய கணத்தில் திரும்பும் வழி ஏற்றம் ஒன்றுதான். களைப்பு, வெயில், மழை, ஒரு சிறு சுளுக்கு என எது வந்தாலும் அது வந்து சேர்வது, வெளியேற இன்னும் முழு ஏற்றமும் மீதமிருக்கும் வேளையில்தான்.

இறக்கம் எப்படி இருக்கும் என்பதைச் சற்று அருகிலிருந்து காட்டுகிறேன். சாலையோரக் காட்சிமேடைகளில் ஒன்று கரேல். சுற்றுலா வந்தவர்கள் கம்பிவேலியில் சாய்ந்துகொண்டு ஆற்றைப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குச் சில அடி தள்ளி நீங்கள் ஹார்னஸ் (கயிற்றைக் கட்டும் இடுப்புப் பட்டை) அணிந்து, கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். கயிற்றைக் கட்டுவதற்கான ஆங்கர் பெரும்பாலும் விளிம்புக்குச் சற்றுக் கீழே இருக்கும். அதை எட்டுவதற்கு முன்பே உங்களை எதிலாவது கட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் விபத்துகள் நடப்பது சுவரில் மட்டுமல்ல. கட்டிக்கொள்ளாமல் விளிம்பில் எட்டிப் பார்க்கும் அந்த அரை நிமிடத்திலும் நடக்கின்றன. இரண்டு கயிறுகளையும் சாதாரண ஒற்றை முடிச்சால் இணைத்து, முனைகளை முழங்கை நீளத்துக்குக் குறையாமல் விட்டு, நன்றாக இறுக்க வேண்டும். எந்தக் கயிற்றை இழுத்தால் முடிச்சு நம்மை நோக்கி வரும் என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும். “நீலத்தை இழுக்க வேண்டும்” என்று மேலே சொன்ன ஒரு வாக்கியம், கீழே தொங்கும் நிலையில் நின்று இரண்டு கயிறுகளையும் மாறிமாறிப் பார்த்துக் குழம்பும் நேரத்தை மிச்சப்படுத்தும்.

கயிற்றின் இரு முனைகளிலும் தனித்தனியே தடுப்பு முடிச்சுப் போடுங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அங்கே இறக்கங்கள் நீளமானவை. நிலைகளில், அதாவது இறக்கத்தின் நடுவே நம்மைக் கட்டிக்கொண்டு நிற்கும் இடங்களில், பல காலூன்ற இடமில்லாமல் சுவரில் வெறும் இரண்டு போல்ட்டும் ஒரு சங்கிலியுமாக இருப்பவை. அவை நேர்கீழே இல்லாமல் ஓரிரு மீட்டர் பக்கவாட்டில் இருந்தால், பார்வை ஆற்றின் மீது இருக்கும்போது கடந்து போய்விடுவது எளிது. முடிச்சு இல்லாத கயிறு அப்படிக் கடந்தவரை மன்னிப்பதில்லை. முடிச்சு இருந்தால் முனையில் நின்றுவிடலாம். ஹார்னஸில் தயாராக வைத்திருக்கும் புரூசிக் வளையங்களால் (கயிற்றில் சுற்றினால் எடை ஏறும்போது இறுகிப் பிடிக்கும் சிறு கயிற்று வளையங்கள்) மீண்டும் மேலேறி நிலையைப் பிடிக்கலாம். அதே காரணத்துக்காக இறங்கும் கருவிக்குக் கீழே ஒரு தானியங்கித் தடுப்பு முடிச்சும் கட்டாயம். இரண்டு கைகளையும் விட்டாலும் நீங்கள் அப்படியே நிற்க வேண்டும். காற்று வலுவாக வீசும் நாளில் கயிற்றை எறியாதீர்கள். மிஸ்த்ரால் என்ற அப்பகுதியின் பலத்த காற்று கயிற்றைப் பக்கவாட்டில் கொண்டுபோய் ஏதாவது ஒரு செடியிலோ பாறைத் துருத்தலிலோ மாட்டிவிடும். மடித்த கயிற்றை இடுப்பின் இருபுறமும் தொங்கவிட்டு, இறங்க இறங்க விடுவித்துக்கொண்டே போவது மெதுவானது, ஆனால் சிக்காதது.

முதலாமவர் நிலையை அடைந்து தன்னைக் கட்டிக்கொண்ட பின், இரண்டாமவர் இறங்குவதற்கு முன்பே, கயிற்றைக் கீழிருந்து ஓரிரு மீட்டர் இழுத்துப் பார்க்க வேண்டும். நகராவிட்டால், முடிச்சை விளிம்புக்குக் கீழே தள்ளிச் சரிசெய்ய மேலே ஓர் ஆள் இன்னும் இருக்கிறார். இருவரும் இறங்கிய பிறகு கயிறு சிக்கினால், அதுவே ஒரு மீட்புப் பிரச்சினையாகிவிடும். குரல் அங்கே கேட்காது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். 40 மீட்டர் இடைவெளியில், காற்றும் ஆற்றின் ஓசையும் நடுவில் இருக்க, “கயிறு காலி” என்ற அழைப்பு “கயிறு பிடி” என்று காதில் விழலாம். எத்தனை முறை இழுத்தால் என்ன பொருள் என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஏற்றத்தைப் பற்றி. லெஸ்காலெஸின் பாறை நான் அறிந்த சுண்ணாம்புப் பாறைகளிலேயே மிக உயர்ந்தது. மழைநீர் பல்லாயிரம் ஆண்டுகளாக வழிந்து கரைத்த சிறு குழிகள் அதன் மேற்பரப்பெங்கும் இருக்கின்றன. சிலவற்றில் ஒரு விரல் நுழையும், சிலவற்றில் மூன்று, விளிம்புகள் கூர்மையானவை, நாள் முடிவில் விரல்நுனித் தோல் மெலிந்துபோகும். மணற்கல்லில் நீங்கள் பழகிய கிடைக்கோட்டு விளிம்புகளும் பெரிய பிடிகளும் இங்கே குறைவு. செங்குத்துக்குச் சற்றுக் குறைவாகச் சாய்ந்த சுவரில், ஷூவின் நுனியை ஒரு மொச்சைக்கொட்டை அளவுக் குழியில் வைத்து, எடையை அதில் நம்பி ஏற்றி, அடுத்த குழியைக் கண்ணால் தேட வேண்டும். கை வலிமையைவிடக் கால் நிதானம் தேவைப்படும் ஏற்றம் இது.

தர எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். அதன் காரணம் இரண்டு. பழைய தடங்களில் தரம் கண்டிப்பாகக் கொடுக்கப்பட்டது. அதைவிட முக்கியமாக, போல்ட்டுகளுக்கு இடையிலான தூரம் நீங்கள் பழகியதைவிட அதிகம். கடினமான அசைவுக்கு அருகில் போல்ட் இருக்கும். எளிதான பகுதியில், எளிது என்று போல்ட் பதித்தவர் எண்ணிய பகுதியில், நான்கைந்து மீட்டர் எதுவும் இல்லாமல் போக வேண்டியிருக்கும். பதாமியில் 6பி ஏறும் ஒருவர் வெர்தோனின் 6ஏ தடத்தில், காலுக்குக் கீழே நன்கு விலகிவிட்ட போல்ட்டையும் அதற்குக் கீழே இருநூறு மீட்டர் வெட்டவெளியையும் பார்க்கும்போது, உடல் செய்யக்கூடியதை மனம் செய்ய மறுக்கும். ஆகவே முதல் சில நாட்களுக்கு, நீங்கள் வழக்கமாகத் தடுமாற்றமின்றி ஏறும் தரத்திலிருந்து இரண்டு படி கீழே தேர்ந்தெடுங்கள். அங்கே 5சி தடத்தில் கிடைக்கும் அனுபவம் வேறு இடங்களின் 6பி தடத்தில் கிடைக்காது.

எங்கே தொடங்குவது என்று கேட்டீர்கள். முதல் நாளில் பெரிய சுவருக்குப் போகாதீர்கள். லா பலுவைச் சுற்றிச் சாலையிலிருந்து நடந்து போகக்கூடிய ஒற்றை பிட்ச் பாறைகள் பல இருக்கின்றன. பாறையின் தன்மையையும் போல்ட் இடைவெளியையும் அங்கே பழகுங்கள். இரண்டாம் கட்டமாக, பெரிய சுவரின் உச்சியிலிருந்து ஒன்று அல்லது இரண்டு பிட்ச் மட்டும் இறங்கி ஏறக்கூடிய தடங்களைத் தேர்ந்தெடுத்து, கூடுதலாக ஒரு தனிக் கயிற்றை மேலேயே கட்டித் தொங்கவிட்டுவிட்டு இறங்குங்கள். முடியாமல் போனால் அந்தக் கயிற்றைப் பிடித்து ஏறி வந்துவிடலாம். வெட்டவெளியின் உணர்வு முழுமையாகக் கிடைக்கும். ஆனால் வழி அடைபடாது. உள்ளூரில் வழிகாட்டிகள் பலரும் புதியவர்களை இப்படித்தான் பழக்குகிறார்கள்.

அதன் பின் தால் க்ரீஸ் என்ற சாம்பல் நிறச் சரிவுப் பகுதி. லெஸ்காலெஸின் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட்டால் இங்கே சாய்வு குறைவு, தடங்கள் எளியவை, இறங்கும் வழி தெளிவானது. இதில் ஒரு முழு நாள் சிக்கலின்றி முடிந்தது என்றால், இறங்குவதற்கும் ஏறுவதற்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துவையுங்கள். அந்த நேரக் கணக்குத்தான் அடுத்த தடத்தைத் தேர்ந்தெடுக்க உங்களிடம் இருக்கும் நேர்மையான அளவுகோல்.

லா தெமாந்த் தடத்தை எல்லோரும் விரும்புகிறார்கள், நானும் அதை மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஆனால் பயணத்தின் கடைசி நாட்களுக்கு வையுங்கள். 300 மீட்டருக்கு மேற்பட்ட அந்தத் தடத்தின் தரம் 6ஏ என்றாலும், அதன் கடைசிப் பகுதி புகைபோக்கி போன்ற அகலமான பிளவு. முதுகை ஒரு சுவரிலும் காலை எதிர்ச் சுவரிலும் ஊன்றி நகர வேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேலாக எத்தனையோ பேர் தேய்த்து வழுவழுப்பாக்கிய பாறை அது. பாதுகாப்புப் புள்ளிகள் தூரத்தூர இருக்கும். செயற்கைச் சுவரிலும் பதாமியிலும் இந்த வகை அசைவைக் கற்றிருக்க வாய்ப்பு இல்லை. களைத்துப்போன நிலையில் அதைச் சந்திப்பவர்கள் எதிர்பாராத அளவு நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தத் தடத்துக்கு ஒரு நற்கூறு உண்டு: ஆற்றங்கரையிலிருந்தே தொடங்குவதால், குலுவார் சம்சோன் பக்கமாக நடைபாதையில் வந்து அடியை அடையலாம். தொடக்கப் பகுதியில் பின்வாங்க நேர்ந்தால், வந்த வழியிலேயே நடந்து திரும்பிவிடலாம். நடைபாதையில் மலையைக் குடைந்த சுரங்கங்கள் வருகின்றன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு நீர்மின் திட்டத்துக்காக வெட்டப்பட்டுக் கைவிடப்பட்டவை அவை. மிக நீளமானது 600 மீட்டருக்கு மேல். உள்ளே வெளிச்சமில்லை, தரையில் நீர் தேங்கியிருக்கும். தலைவிளக்கு இல்லாமல் எந்தத் தடத்துக்கும் போகாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இரவுக்காக மட்டுமல்ல, பகலில் பின்வாங்கினாலும் இந்தச் சுரங்கங்களைக் கடக்க வேண்டும் என்பதற்காகவும்தான்.

சுவரின் நடுவே உள்ள செடிகள் வளர்ந்த திட்டுகளிலிருந்தோ தொங்கும் நிலைகளிலிருந்தோ தொடங்கும் தடங்களுக்கு இந்த வசதி இல்லை. அவற்றுக்கு இறங்குவதற்கு முன், கீழ்நோக்கி ஆறுவரை தொடர்ந்து இறங்க நிலைகள் இருக்கின்றனவா, அவற்றின் இடைவெளிக்கு உங்கள் கயிறு போதுமா என்பதை டோபோவில் (தடங்களின் வரைபடக் கையேடு) பார்த்து, அதன் படத்தைக் கைப்பேசியிலும் ஒரு தாளிலும் வைத்துக்கொள்ளுங்கள். லா பலுவில் ஏறுபவர்களின் சங்கமான லெய் லாக்ரமூசாஸ் அங்குள்ள தடங்களைப் பராமரிப்பதில் நெடுங்காலமாக ஈடுபட்டுவருகிறது. உள்ளூரில் வெளியாகும் டோபோவையே வாங்குங்கள். இணையத்தில் யாரோ எழுதிவைத்த பழைய குறிப்பைக் கொண்டு சுவரில் இறங்க வேண்டாம்.

இனி ஜூலை ஏன் வேண்டாம் என்பது. லெஸ்காலெஸ் தெற்கு நோக்கிய வெளிர்நிறச் சுவர். காலை முதல் பிற்பகல் தொடங்கும்வரை வெயில் நேராக விழுகிறது. பாறை அந்தச் சூட்டை வாங்கி உங்கள் முகத்துக்கே திருப்பிவிடுகிறது. தமிழ்நாட்டு வெயிலைத் தாங்கியவர்கள் நாம் என்று எண்ணிக்கொள்ள வேண்டாம், ஏனென்றால் இங்கே நிழலுக்கு ஒதுங்க இடம் இல்லை. ஒரு தொங்கும் நிலையில் ஹார்னஸில் உட்கார்ந்தபடி நண்பருக்குக் கயிறு விட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் இருக்க வேண்டும். சூட்டில் ஷூவின் ரப்பர் இளகிச் சிறு குழிகளில் நழுவும். குடிநீர் உச்சிச் சாலையிலும் கிடையாது, சுவரிலும் கிடையாது. கோடைப் பிற்பகல்களில் திடீரென எழும் இடிமழை இன்னொரு ஆபத்து. மலையிடுக்குக்குள் இருப்பவருக்கு வானத்தின் ஒரு கீற்று மட்டுமே தெரியும். மேகம் தலைக்கு மேல் வந்த பிறகுதான் அது வருகிறது என்பதே புலப்படும். காட்டுத்தீ அபாயம் மிகுந்த நாட்களில் அப்பகுதியின் காடுகளுக்குள் செல்வதையே நிர்வாகம் கட்டுப்படுத்துவதும் உண்டு. ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரையும், செப்டம்பரிலும் அக்டோபரிலும் செல்வதே நல்லது. இலையுதிர் காலத்தில் பகல் சுருங்கிவிடும். ஆகவே நீண்ட தடங்களுக்கு விடியலிலேயே புறப்பட வேண்டும். குளிர்காலத்தில் ரூத் தே க்ரெத் சாலை மூடப்படும். விடுப்பை எந்த வகையிலும் மாற்ற முடியாது என்றால், பெரிய சுவரை மறந்துவிட்டு நிழல் விழும் பாறைகளில் மட்டும் ஏறுங்கள், அல்லது பிற்பகலில் நிழல் வந்த பிறகு ஓரிரு பிட்ச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆற்றைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. மேலே காஸ்தியோன், ஷோதான் என்ற இரு அணைகள் உள்ளன. மின் உற்பத்திக்காக நீர் திறக்கப்படும்போது, வானம் தெளிவாக இருந்தாலும், மழை ஒரு துளியும் இல்லாவிட்டாலும், ஆற்றின் மட்டம் விரைவாக உயரும். கரையெங்கும் இதற்கான எச்சரிக்கைப் பலகைகள் இருக்கின்றன. ஏறி முடித்த களைப்பில், பச்சை நிறத்தில் ஆழமற்றதாகத் தெரியும் நீரில் இறங்கி அக்கரைப் பாறையில் போய்ப் படுத்துக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். திரும்பும்போது அதே ஆழம் இருக்கும் என்று நம்பாதீர்கள். எந்தத் தடத்துக்கும் ஆற்றைக் கடந்து போகும் வழியைப் புதியவர்கள் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

சுவரில் நீங்கள் தனியாக இருக்க மாட்டீர்கள். 1999இலிருந்து ரூகோன் கிராமத்தில் மீண்டும் குடியேற்றப்பட்ட க்ரிஃபன் என்ற பெரிய பிணந்தின்னிக் கழுகுகள், இன்று ஏறுபவரின் தோளுக்கு அருகே, இறகின் ஓசை கேட்கும் தொலைவில் கடந்து போகின்றன. அவை அப்பகுதியிலிருந்து முற்றிலும் மறைந்துபோயிருந்தவை. 1997இல் அமைந்த வெர்தோன் மண்டல இயற்கைப் பூங்காவின் எல்லைக்குள் இருக்கும் இந்தச் சுவர்களில், பறவைகள் கூடு கட்டும் பருவத்தில் சில பகுதிகளில் ஏறக் கூடாது என்று கேட்டுக்கொள்வார்கள். பெங்களூருக்கு அருகே ராமநகரத்தில் ராமதேவர மலை 2012இல் கழுகுகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டதை அறிந்த உங்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் டைக்ளோஃபெனாக் மருந்து ஏறிய கால்நடைச் சடலங்களை உண்டு கழுகுகள் கூட்டங்கூட்டமாக அழிந்ததைப் பார்த்த தலைமுறை நாம். கழுகுகள் மீண்டு வந்திருக்கும் ஒரு சுவரில் ஏறக் கிடைப்பதை நான் பெரும் பேறாகவே கருதுகிறேன். தடை என்று குறித்த பகுதிக்கு ஒரு பருவம் போகாமல் இருப்பது மிகச் சிறிய விலை.

கீழே மனிதர்களும் இருக்கிறார்கள். ப்ளான்-மார்த்தெல் பாதையில் கோடை முழுவதும் நடப்பவர்கள் வரிசையாகப் போகிறார்கள். உங்கள் தடத்தின் கீழ்ப்பகுதிகளில் வேறு ஏறுபவர்கள் இருப்பார்கள். உச்சி விளிம்பில் உள்ள தளர்ந்த சரளைக் கற்களைக் கயிறு உரசித் தள்ளிவிடும். விளிம்பில் கயிற்றை இழுக்கும்போதும் பையை வைக்கும்போதும் மிகுந்த கவனம் வேண்டும். ஹெல்மெட்டை இறங்கும் முன் அணிந்து, உச்சியில் சாலையை அடைந்த பிறகே கழற்றுங்கள்.

உபகரணங்களில், உங்களிடம் இருக்கும் 9.8 மில்லிமீட்டர் ஒற்றைக் கயிறு மட்டும் போதாது. நீண்ட இறக்கங்களுக்குக் குறைந்தது 50 மீட்டர் நீளமுள்ள இரண்டு அரைக் கயிறுகள் (இணையாகச் சேர்த்துப் பயன்படுத்தும் மெல்லிய கயிறுகள்) தேவை. ஒரு கயிறு சிக்கினாலோ கல் பட்டு அறுந்தாலோ மற்றொன்று மிஞ்சும் என்பதும் அதன் பயன். போல்ட்டில் கயிற்றை மாட்டும் இரட்டைக் கொக்கிகளான குயிக்டிராக்கள் பதினான்கு, அவற்றில் பாதி நீளமானவை, காராபினர் எனப்படும் பூட்டுள்ள உலோகக் கொக்கிகள் தாராளமாக, இரண்டாமவரை மேலிருந்து தானாகப் பிடித்துக்கொள்ளும் வகைப் பிலே (கயிறு பிடிக்கும்) கருவி ஆளுக்கொன்று, ஆளுக்கு இரண்டு புரூசிக் வளையங்கள், தலைவிளக்கு, மெல்லிய காற்றுத்தடுப்பு மேலாடை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். லா தெமாந்த் போன்ற வெடிப்புத் தடங்களுக்கு வெடிப்பில் செருகிக் கயிற்றை மாட்டும் கேம், நட் என்ற கருவிகளை நடுத்தர அளவில் சில எடுத்துச் செல்வது மனத்துக்குத் தெம்பு. நடைபாதையில் பின்வாங்க நேரிடலாம் என்பதால், இலகுவான நடைக்காலணி ஒன்றைச் சுவரில் ஹார்னஸின் பின்னால் மாட்டிச் செல்லுங்கள். ஏறும் ஷூவில் பல கிலோமீட்டர் நடக்க முடியாது.

இவை எல்லாவற்றையும் பிரான்சில் போய்க் கற்க வேண்டியதில்லை. பெங்களூருக்கு மேற்கே சாவனதுர்காவின் பெரும் கருங்கல் குன்றில் பல பிட்ச் நீளமுள்ள சரிவுத் தடங்கள் இருக்கின்றன. போல்ட் தூரத்தூர இருக்கும், கால் நம்பிக்கையில் மட்டுமே நகர வேண்டும். வெர்தோனுக்கு அதைவிடப் பொருத்தமான பயிற்சிக் களம் தென்னிந்தியாவில் எனக்குத் தெரியாது. அனுபவமுள்ள ஒருவரின் துணையோடு அங்கே போய், நிலை அமைப்பது, இரண்டாமவரை மேலே கொண்டுவருவது, தொங்கும் நிலையில் கயிற்றைச் சிக்கலின்றி மடிப்பது, பல கட்டங்களாக இறங்குவது ஆகியவற்றைப் பழகுங்கள். பிறகு பாதுகாப்பான ஓரிடத்தில், புரூசிக் வளையங்களால் ஒரு முழுக் கயிற்றுநீளம் மேலேறிப் பாருங்கள். மூச்சு வாங்கும், நேரம் ஆகும். ஆனால் அதைச் செய்தவருக்கும் காணொளியில் பார்த்தவருக்கும் சுவரில் பெரிய வேறுபாடு உண்டு. காயமுற்ற துணைவரைக் கயிற்றில் பூட்டிவிட்டுக் கைகளை விடுவித்துக்கொள்ளும் முறையையும் இருவருமே கற்றிருக்க வேண்டும். இதற்கு நேரமில்லை என்றால் முதல் மூன்று நாட்களுக்கு லா பலுவில் ஒரு தகுதிபெற்ற வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளுங்கள். அந்தச் செலவை உபகரணச் செலவுக்கு முன்பே கணக்கில் ஒதுக்கிவிடுங்கள்.

பயண ஏற்பாடு எளிது. மார்செய் அல்லது நீஸ் விமான நிலையத்திலிருந்து வாடகைக் காரில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பேருந்துகள் குறைவு, அவற்றை நம்பி உச்சிச் சாலைக்குப் போய்வர முடியாது. ரூத் தே க்ரெத்தில் ஒரு பகுதி ஒருவழிப் பாதை என்பதால், வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதை ஏறி வெளிவரும் இடத்தை வைத்துத் தீர்மானியுங்கள். வண்டிக்குள் கடவுச்சீட்டையும் பணத்தையும் விட்டுச் செல்லாதீர்கள். லா பலுவில் நகராட்சி முகாம்தளமும் சிறு விடுதிகளும் உள்ளன. உச்சிச் சாலையில் கூடாரம் போட எண்ண வேண்டாம். மாலையில் கிராமத்துக் கடைகளில் அமர்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் ஏறுபவர்களாகவே இருப்பார்கள். அன்று நீங்கள் எந்தத் தடத்தில் போகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்பதை முகாமில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

அவசர எண் 112. பிரான்சில் மலை மீட்புக்கு, பொதுவாக ஹெலிகாப்டர் வந்தாலும், அரசு கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அதன் பிறகான மருத்துவமனைச் செலவு முழுவதும் உங்களுடையது. விசாவுக்காக எடுக்கும் சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல, பாறையேற்றத்தை விலக்குப் பட்டியலில் வைத்திருக்கின்றன. பத்திரத்தில் அந்தப் பக்கத்தை வாசித்து, கயிற்றுடன் கூடிய பாறையேற்றம் அடங்கும் என்று எழுத்தில் உறுதிபெற்ற பிறகே விமானச் சீட்டுக்குப் பணம் கட்டுங்கள். செப்டம்பர் மூன்றாம் வாரத்தைக் குறித்துக்கொண்டால், சாவனதுர்காவில் பழகவும் உங்களுக்கு நேரம் கிடைக்கும். முகாம்தளத்திலும் நெரிசல் குறைந்திருக்கும்.